ஒன்பதாவது இலக்கம்

ஜன்னலோரத்துல நீங்களே உட்காருங்க தம்பி. எனக்கு வெயில் முகத்துல அடிச்சா தலைவலி வந்துரும். இந்தப் பையை மட்டும் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா? கீழ வச்சா ஆப்பிள் நசுங்கும். மேல வச்சா பிரேக் போடுறப்ப யார் தலையிலயாவது விழும். அறந்தாங்கி வரைக்குமா? ரொம்ப நல்லதாப் போச்சு. நானும் அங்கதான்.

உங்க பிறந்த தேதி என்ன? சும்மாதான் கேட்டேன். தொழில் பழக்கம், வாய் தானாக் கேட்டுருது. பதினாலா? ஒண்ணும் நாலும் அஞ்சு. புதன். அடுத்தவங்க பேசுறதைப் பொறுமையாக் கேக்குற எண். பரவாயில்லை, நல்ல இடமாத்தான் பார்த்து உட்கார்ந்திருக்கேன்.

என் பேர் வைரக்கண்ணு. பட்டுக்கோட்டையில வீட்டு முன்கட்டுலயே கடை போட்டு எண் கணிதம் பார்க்குறேன். பேருக்கு எழுத்து கூட்டுறது, கடைக்குப் பேர் வைக்கிறது, வண்டி நம்பர், போன் நம்பர், எல்லாம். 'எண்ணியல் செம்மல்'னு போர்டு இருக்கும். அந்தப் பட்டம் யாரும் கொடுக்கலை. பேர் எழுதின பிறகு மேல இடம் காலியாக் கிடக்குன்னு போர்டு எழுதுறவர் சொன்னார், போட்டுக்கிட்டோம்.

எனக்கு ஒரே பொண்ணு, யாழரசி. தமிழ்ல எழுதினா ஒண்ணும் தொந்தரவில்லை. இங்கிலீஷ்ல கூட்டுத்தொகை சரியா வரணும்னு ஏ எழுத்தை அங்கங்க ரெட்டிச்சு, கடைசியில ஒரு ஹெச் சேர்த்து வச்சேன். பள்ளிக்கூடத்துல ஒவ்வொரு டீச்சரும் ஒவ்வொரு விதமாக் கூப்பிட்டாங்க. பதில் சொல்றதா வேணாமான்னு தெரியாம அது பாதி நேரம் எந்திரிச்சு நின்னுக்கிட்டே இருக்குமாம். அதனாலதான் அதுக்கு நல்ல உயரம்.

கணக்குல கெட்டி. திருச்சியில எம்.எஸ்சி. சேர்ந்துச்சு. என்ன படிக்கப் போறேன்னு கேட்டேன். "எண் கோட்பாடுப்பா"ன்னா. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. மளிகைக்கடைக்காரர் பையன் காமர்ஸ் எடுத்த மாதிரி இருந்துச்சு. வர்ற ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், இன்னும் ரெண்டு வருஷத்துல பொண்ணு வந்து இந்த நாற்காலியில உட்காரும், முறைப்படி படிச்சுட்டு வருதுன்னு. என் வீட்டுக்காரி சௌந்தரம் மட்டும் ஒண்ணும் சொல்லலை. அவ எப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டா. பாத்திரத்தைக் கொஞ்சம் பலமா வைப்பா, அவ்வளவுதான்.

முதல் லீவுக்கு வந்துச்சு. ஒரு ஆளுக்கு நான் தேதியைக் கூட்டிக்கிட்டு இருக்கேன். பின்னாடி நின்னு பார்த்துச்சு. அந்த ஆள் போனதும் சொல்லுது, "அப்பா, நீங்க செய்யறது என்னன்னு தெரியுமா? ஒரு எண்ணோட இலக்கத்தையெல்லாம் கூட்டிக்கிட்டே போனா, கடைசியில நிக்கிறது அந்த எண்ணை ஒன்பதால வகுத்தா வர்ற மீதி. மீதியே வரலைன்னா ஒன்பதுன்னு சொல்லிடுறீங்க. நீங்க இத்தனை வருஷமா ஊர்ல உள்ளவங்களை எல்லாம் ஒன்பதால வகுத்துக்கிட்டு இருக்கீங்க."

நான் ஒரு எண்ணை எடுத்து வகுத்துப் பார்த்தேன். சரியாத்தான் வந்துச்சு. இன்னொண்ணு போட்டேன். அதுவும் சரி. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு தம்பி. பல்கலைக்கழகமே ஒத்துக்கிட்ட முறையைத்தான் நான் செஞ்சுக்கிட்டு இருக்கேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அடுத்த வாரமே போர்டுல 'அறிவியல் முறைப்படி'ன்னு சேர்த்தேன். பொண்ணு பார்த்துட்டு உள்ள போயிட்டா. அவளுக்குக் கூச்ச சுபாவம்.

எம்.எஸ்சி. முடிஞ்சுது. அங்கேயே ஆராய்ச்சிக்கு இடம் கிடைச்சுதுன்னா. நான் வேணாம்னு சொல்லலை. கேட்டுக்குங்க, வேணாம்னு சொல்லவே இல்லை. கல்யாணத்தை முடிச்சுட்டு, மாப்பிள்ளை சம்மதிச்சா படின்னேன். அதுல என்ன தப்பு? அவளுக்கு இருபத்திமூணு. அடுத்த வருஷம் கூட்டுத்தொகை சனியில போய் நிக்குது. அதுக்குள்ள முடிக்கணும். தேதி குறிக்கக் காலண்டரை எடுத்துட்டு உட்கார்ந்தேன். அவ என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தா. நான் கணக்குல இருந்தேன், காதுல விழலை.

அப்புறம் ஒரு நாள் காலையில நான் கூட்டுறதுக்கு வச்சிருக்கிற கரும்பலகை முன்னால வந்து நின்னா. சாக்பீஸை எடுத்து ஒரு எண்ணை எழுதினா. ஏழு, மூணு, ஒன்பது, மூணு, ஒன்பது, ஒண்ணு, மூணு, மூணு. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூத்தி முப்பத்து மூணு.

"அப்பா, இது பகா எண். எதால வகுத்தாலும் உடையாது. ஒண்ணாலயும் இந்த எண்ணாலயும் மட்டும்தான் மீதியில்லாமப் போகும்."

"சரி."

கடைசி மூணை விரலால அழிச்சா. "இப்பவும் உடையாது." அடுத்த மூணையும் அழிச்சா. "இதுவும் உடையாது." இப்படி ஒவ்வொண்ணா அழிச்சுக்கிட்டே வந்தா. ஏழு லட்சத்துச் சொச்சம் ஆச்சு, எழுபதாயிரத்துச் சொச்சம் ஆச்சு, எழுநூத்தி முப்பத்தொன்பது ஆச்சு, எழுபத்து மூணு ஆச்சு, கடைசியில ஏழு மட்டும் நின்னுச்சு. ஒண்ணு கூட உடையலை.

எனக்கும் பிடிச்சிருந்துச்சுன்னு வச்சுக்குங்களேன். வெட்ட வெட்ட அப்படியே நிக்கிற எண். முழுசாக் கூட்டினா முப்பத்தெட்டு, அது பதினொண்ணு, அது ரெண்டு. சந்திரன். மனசு ஆடிக்கிட்டே இருக்கும், அது ஒண்ணுதான் குறை. அதையும் சொன்னேன்.

அவ மறுபடியும் முழு எண்ணையும் எழுதினா. பக்கத்துல ஒரு கட்டம் போட்டா. "அப்பா, நீங்க எந்தப் பையனை வேணும்னாலும் கூட்டிட்டு வாங்க. இந்தக் கட்டத்துல ஒரே ஒரு இலக்கம் போடணும். போட்ட பிறகும் எண் உடையக் கூடாது. யார் போடுறாரோ அவரைக் கட்டிக்கிறேன். அது வரைக்கும் நான் திருச்சியில படிக்கிறேன். சரியா?"

நான் சௌந்தரத்தைப் பார்த்தேன். அவ கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. தலையைத் தூக்கலை.

யோசிச்சுப் பாருங்க தம்பி. எந்த வீட்டுல பொண்ணு, அப்பாவோட தொழிலை மதிச்சு, எண் பார்த்துத்தான் கல்யாணம்னு சொல்லும்? சைபர்லேர்ந்து ஒன்பது வரைக்கும் மொத்தமே பத்து இலக்கம். பத்துல ஒண்ணு சரியா வராமலா போகும்? "சரிம்மா"ன்னுட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே அவ பெட்டி கட்டினா. நான்தான் பஸ் ஏத்திவிட்டேன்.

முதல்ல நானே போட்டுப் பார்த்தேன். ஏழு போட்டா கூட்டுத்தொகை நாப்பத்தஞ்சு, அதாவது ஒன்பது. செவ்வாய். வீடு, நிலம், வாகனம் எல்லாம் தர்ற எண். இதைவிட உசத்தி என்ன வேணும்? போன் போட்டுச் சொன்னேன்.

"அப்பா, கூட்டினா ஒன்பது வருதுன்னாலே ஒன்பதால வகுபடும். உடைஞ்சிருச்சு."

"உடைஞ்சா என்னம்மா, செவ்வாயாச்சே."

"உடையக் கூடாதுங்கிறதுதானே பேச்சு?"

பேச்சு பேச்சுதான். நான் வாக்குல நிக்கிற ஆளு.

முதல்ல வந்தது சென்னையில கம்ப்யூட்டர் வேலை பார்க்குற பையன். லீவுக்கு யாழரசி வந்திருந்தப்ப பொண்ணு பார்க்க வந்தாங்க. பஜ்ஜி, கேசரி எல்லாம் ஆச்சு. கரும்பலகை போர்டைக் காட்டினேன். பார்த்த உடனே "ஒண்ணு" அப்படின்னான். என்ன வேகம் பாருங்க! எனக்குப் பிடிச்சுப் போச்சு. யாழரசி காபி டம்ளரை எடுத்துக்கிட்டே, "கூட்டினா முப்பத்தொன்பது, மூணால போயிரும்"னுட்டு உள்ள போயிட்டா. பையன் முகம் கறுத்துப் போச்சு. அவங்க அம்மா எங்க சௌந்தரத்துக்கிட்ட, "உங்க பொண்ணுக்கு எப்பவும் இப்படித்தானா?"ன்னு கேட்டாங்க. "சின்னதுலேர்ந்தே"ன்னா சௌந்தரம்.

ஒரு காலேஜ் வாத்தியார் வந்தார். அவர் மூணு போட்டார். ரொம்ப நேரம் வகுத்துப் பார்த்துட்டுத்தான் போட்டார், எதாலயும் போகலைன்னு சத்தியமாச் சொன்னார். எனக்கும் நம்பிக்கை வந்துருச்சு, வெத்தலையைக் கூட எடுத்துட்டேன். யாழரசி, "நூத்தியிருபத்தேழால வகுத்துப் பாருங்க சார்"னா. வகுத்தார். போயிருச்சு. மீதி ஒண்ணுமே இல்லை. வெத்தலையைத் திரும்ப உள்ள வச்சேன். ஜவுளிக்கடை அதிபர் ஒருத்தர் என்கிட்டதான் கடைக்குப் பேர் வச்சுக்கிட்டார், அவர் பையனையும் கூட்டிட்டு வந்தேன். அந்தப் பையன் போர்டைப் பார்த்துட்டு, "எந்த நம்பரா இருந்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி வாங்கிரலாம் அங்கிள்"ன்னான். அவன் வண்டி நம்பர்னு நினைச்சுட்டான். அதையும் நான் தப்பாச் சொல்ல மாட்டேன். முயற்சி பண்றேன்னுதானே சொன்னான்.

ஆனா ஒருத்தன் வந்தான் பாருங்க. இளஞ்சேரன்னு பேரு. மாட்டு டாக்டர். அறந்தாங்கிக்காரன். அவனும் அவங்க அம்மாவும் மட்டும் வந்தாங்க. பையன் பார்க்கக் கொஞ்சம் சோனி. போர்டு முன்னால நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சாக்பீஸ் கேட்டான். ரெட்டைப்படையெல்லாம் ரெண்டால போகும்னு அடிச்சான். அஞ்சை அடிச்சான். ஒண்ணையும் ஏழையும் கூட்டிப் பார்த்து அடிச்சான். மூணுக்கும் ஒன்பதுக்கும் ரொம்ப நேரம் கணக்குப் போட்டான். பஜ்ஜி ஆறிப் போச்சு. கடைசியில எந்திரிச்சுக் கையைத் தட்டிக்கிட்டு, "இல்லைங்க"ன்னான்.

"என்ன இல்லை?"

"இந்தக் கட்டத்துல போடுறதுக்கு இலக்கமே இல்லைங்க. எதைப் போட்டாலும் உடையும்."

எனக்கு வந்துச்சே கோபம்! அந்தப் போர்டு முன்னால அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை தம்பி. கடை நொடிச்சுப் போனவன் வர்றான், குழந்தை இல்லாதவன் வர்றான். யாருக்காவது நான் இல்லைன்னு சொல்லியிருக்கேனா? ஒரு எழுத்து கூட்டியாவது, ஒரு எழுத்து குறைச்சாவது ஏதாவது வழி சொல்லித்தானே அனுப்புறேன்? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. இல்லைங்கிறானே! "தம்பி, எண்ணுல இல்லைங்கிறதே கிடையாது. நீங்க மாட்டைப் பாருங்க"ன்னு சொல்லிட்டேன். அவங்க அம்மா எந்திரிச்சுட்டாங்க. நல்ல பொம்பளை, கோபப்படலை.

அவன் வாசல்ல செருப்பு மாட்டுறப்ப யாழரசி கேட் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா. என்ன பேசுறாங்கன்னு காதைக் கொடுத்தேன். ஏதாவது தப்பாப் பேசினா விடமாட்டேன்ல. ஆனா ஒண்ணுமில்லை, கணக்குதான் பேசினாங்க.

"இதை நாலால வகுத்தா மீதி ஒண்ணுதானே வருது?"ன்னு அவன் கேட்டான்.

"ஆமா."

"அப்ப இதை ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா எழுதலாம்ல?"

"எழுதலாம். ஆனா பகா எண்ணுங்கிறதால ஒரே ஒரு ஜோடிதான் அதுக்கு. வேற ஜோடி கிடையாது."

"அந்த ஜோடி எதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்றேங்க."

"அவசரமில்லை. மெதுவாச் சொல்லுங்க. நான் அஞ்சாறு வருஷம் திருச்சியிலதான் இருப்பேன்."

இவ்வளவுதான். சுத்தமான பாடம். அப்புறம் அவன் அந்த ஜோடியைக் கண்டுபிடிச்சானா இல்லையான்னு எனக்குத் தெரியாது, நான் கேட்டுக்கலை. இவ உள்ள வந்து ஆறிப்போன பஜ்ஜியைச் சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டா. அவங்களுக்குக் காபி கொடுக்காம அனுப்பிட்டோமேன்னு எனக்கு லேசா உறுத்தல். சௌந்தரம், "நான் பின்பக்கமாக் கூப்பிட்டுக் கொடுத்துட்டேன்"னா.

அதுக்கப்புறம் வருஷம் ஓடிப் போச்சு. தரகருங்களும் வர்றதை நிறுத்திட்டாங்க. "அண்ணே, பையன் ஜாதகம் கேளுங்க, சம்பளம் கேளுங்க, ஒன்பதாவது இலக்கம் கேட்டா நாங்க எங்க போறது?"ங்கிறாங்க. நான் விடலை. வர்ற போறவங்ககிட்ட எல்லாம் கேட்டேன். பேங்க் மேனேஜரைக் கேட்டேன். எல்.ஐ.சி. ஏஜென்ட்டைக் கேட்டேன். அவர் ஒரு பாலிசி போட்டா சொல்றேன்னார்.

ஊர்ல பேச்சு கிளம்பிருச்சு. வைரக்கண்ணுவுக்குப் பொண்ணைக் கட்டிக்கொடுக்க மனசில்லை, அதான் கணக்குக் காட்டுறாருன்னு. ஒரு கல்யாண வீட்டுல பந்தியில உட்கார்ந்திருக்கேன். எதிர் வரிசையிலேர்ந்து ஒருத்தர் சத்தமாக் கேட்டார், "செம்மலே, சொந்தப் பொண்ணுக்கே நம்பர் கிடைக்கலையாமே, எங்க பொண்ணுக்கு எப்படிப் பார்ப்பீங்க?"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இலையில சாம்பார் ஓடுது, அணை கட்டக் கூடத் தோணலை. வீட்டுக்கு வந்து பனியனோட போர்டு முன்னால உட்கார்ந்தேன். அந்த எட்டு எண்ணும் அப்படியே இருந்துச்சு. ஆளுங்களுக்குக் கூட்டுறதுக்குன்னு கீழ கொஞ்சம் இடம் விட்டுட்டு, மேல அதை அழிக்காமலே வச்சிருந்தேன். உடையாத எண்ணா இருந்தா என்ன, மனுஷனை உடைச்சிரும் போல இருக்கேன்னு தோணுச்சு. சௌந்தரம் வந்து பக்கத்துல உட்கார்ந்து, "விடுங்க, அவ படிச்சு முடிக்கட்டும்"னா. அவளுக்கு என்ன தெரியும் என் கஷ்டம்.

யாழரசியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வாரம் தவறாமப் பேசும். ஆராய்ச்சின்னா சும்மா இல்லை தம்பி, அறிவு எங்கெங்கேயோ போயிருது. ஒரு தடவை எதிர் வீட்டுக்காரம்மாவோட பசுவுக்கு மடியில கட்டி. இது போன்லயே என்ன மருந்து, எத்தனை வேளை தடவணும், கன்னை எப்ப விடணும்னு எல்லாம் சொல்லிச்சு. ரெண்டு நாள்ல சரியாப் போச்சு. எண் கோட்பாடு படிச்சா மாடு கூடத் தெரிஞ்சுருது, பார்த்துக்குங்க.

போன மாசம் ஆராய்ச்சி முடிஞ்சு, கடைசித் தேர்வு. அதை எல்லாரும் வந்து பார்க்கலாமாம். பெரிய கூடத்துல நின்னு, இத்தனை வருஷம் என்ன கண்டுபிடிச்சேன்னு சொல்லணும், வெளியூர்லேர்ந்து வந்த பேராசிரியர் கேள்வி கேப்பாங்க. நானும் சௌந்தரமும் போனோம். வாசல் பலகையில பேர் எழுதியிருந்துச்சு. நான் சேர்த்த ஏ ஒண்ணு கூட இல்லை. ஹெச்சும் இல்லை. எல்லாத்தையும் எடுத்துட்டு, வெறும் யாழரசி. எழுத்துப் பிழைன்னு நினைச்சு ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். "இல்லைங்க, அவங்க சேர்ந்த முதல் வருஷமே அரசிதழ்ல போட்டு மாத்திட்டாங்களே"ன்னாங்க. கூட்டிப் பார்த்தேன். எட்டு, சனி. அந்தப் பேரோட இத்தனை வருஷம் எப்படித் தாக்குப் பிடிச்சுதோ.

அது நின்னு பேசினதைப் பார்க்கணும் நீங்க. எனக்கு ஒரு வரி புரியலை. ஆனா எதிர்ல உட்கார்ந்திருந்தவங்க தலையாட்டின விதத்துல தெரிஞ்சுது, ஏதோ பெருசாத்தான் சொல்லுதுன்னு. சின்னதுல எந்திரிச்சு நிக்கிறப்ப இருந்த அந்த முழிப்பு இல்லை. நேரா நின்னுச்சு.

முடிஞ்சதும் அந்த வெளியூர் அம்மா, மதுரைக்காரங்க, கண்ணாடியைக் கழட்டிட்டு, "சபையில யாருக்காவது கேள்வி இருக்கா?"ன்னாங்க.

நான் எந்திரிச்சேன். சௌந்தரம் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. விட மாட்டேன்ல. இவ்வளவு படிச்சவங்க ஒரே இடத்துல வேற எங்க கிடைப்பாங்க? "அம்மா, ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூத்தி முப்பத்து மூணு. இதுக்குப் பின்னால ஒரு இலக்கம் போடணும், உடையக் கூடாது. அந்த ஒன்பதாவது இலக்கம் என்ன?"ன்னு கேட்டேன்.

மேடையில என் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டா.

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அருமையான கேள்வி ஐயா. அப்படி ஒரு இலக்கம் கிடையாது. கடைசியிலேர்ந்து வெட்ட வெட்ட உடையாத எண்கள்லேயே இதுதான் பெருசு. இதோட முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"உங்க பொண்ணு பிறக்கிறதுக்கு முன்னாடியிலேர்ந்தே."

உட்கார்ந்துட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. தண்ணி குடிச்சேன், அவ்வளவுதான். மூடியைத் திறக்காமலே குடிச்சிருக்கேன். பக்கத்துல இருந்த பையன் பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தான். யாருன்னு பார்த்தா அந்த மாட்டு டாக்டர்! "நீங்க எங்க தம்பி இங்க?"ன்னேன். "சும்மா வந்தேன் சார்"ன்னான். பாருங்களேன், மாட்டு வைத்தியம் பார்க்குறவனுக்குக் கணக்கு மேல எவ்வளவு ஆர்வம் இருந்தா அறந்தாங்கியிலேர்ந்து பஸ் ஏறி வந்திருப்பான்! கூட்டம் கலைஞ்சதும் அவன்தான் எல்லாருக்கும் சமோசா, டீ கொடுத்துக்கிட்டு இருந்தான். பொறுப்பான பையன். பேராசிரியருங்க எல்லாம் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. அடிக்கடி இந்த மாதிரிக் கூட்டத்துக்கு வருவான் போல.

அப்புறம் வெளியில மரத்தடியில யாழரசியைத் தனியாக் கூப்பிட்டேன்.

"இல்லாத ஒண்ணை ஏம்மா கேட்டே?"

"இருக்கிறதைக் கேட்டிருந்தா நீங்க கொண்டாந்திருப்பீங்கப்பா."

"படிக்கணும், கல்யாணம் இப்ப வேணாம்னு வாயால சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன்ப்பா. சொல்லிக்கிட்டே இருந்தேன். நீங்க தேதியைக் கூட்டிக்கிட்டு இருந்தீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா அது பொய் சொல்ற பொண்ணு கிடையாது. கோபம் வரும்னு நின்னு பார்த்தேன், வரலை. அதோட கையில சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்துச்சு. என் கையிலயும் எப்பவும் இருக்குமே, அதே மாதிரி. "டாக்டர் பட்டம் கொடுத்துட்டாங்களா?"ன்னு கேட்டேன். "கொடுத்துட்டாங்கப்பா"ன்னு சொல்லிட்டு அழுதுருச்சு. நான் அழலை. வேட்டி நுனியால மூக்கைத் துடைச்சேன், அங்க தூசி ஜாஸ்தி.

பஸ்ல திரும்பி வர்றப்பதான் எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. இலக்கமே இல்லைன்னா, சரியான பதில் 'இல்லை'ங்கிறதுதானே? அப்ப வந்தவங்கள்லேயே ஜெயிச்சது யாரு? வாக்கு வாக்குதானே தம்பி? சௌந்தரத்துக்கிட்ட சொன்னேன். "அட, ஆமா!"ன்னா. அவளுக்கு நான் சொல்ற வரைக்கும் தோணலை, பாவம். ஒரு மாசம் யோசிச்சு, அந்தப் பையன் பிறந்த தேதியைத் தரகர்கிட்ட வாங்கிப் பார்த்து, நேத்துதான் முடிவு பண்ணினேன், நேர்ல போய்க் கேட்டுருவோம்னு. அன்னைக்கு அவனும் கொஞ்சம் விளக்கமாச் சொல்லியிருக்கணும், மொட்டையா இல்லைன்னா யார் ஒத்துக்குவா? போகட்டும், அதை நான் பெருசு பண்ணப் போறதில்லை. இன்னும் கல்யாணம் ஆகலையாம். ஏன்னு தெரியலை, நல்ல வேலைதான்.

இந்தப் பையெல்லாம் சௌந்தரம் கட்டிக் கொடுத்தது. தட்டு, தேங்காய், பழம், கல்கண்டு. அடியில ஒரு பட்டுப் புடவை கூட இருக்கு, அந்தப் பையனோட அம்மாவுக்கு. போன வாரமே வாங்கிட்டாளாம். நான் முடிவு பண்ணினது நேத்துதானேன்னு கேட்டேன். தள்ளுபடி போட்டிருந்தான்னா. அந்தம்மாவுக்குப் பாசிப்பச்சை பிடிக்கும்னு எப்படித் தெரியும்னேன். குத்துமதிப்புன்னா. நீயும் வாயேன்னு கூப்பிட்டேன். "நீங்க போய்க் கேட்டாத்தான் மரியாதை"ன்னுட்டா.

எனக்கு இப்ப ஒரே ஒரு கவலைதான். யாழரசிகிட்ட இதை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. அதுக்கு இந்தப் பையன் முகமே ஞாபகம் இருக்காது. அன்னைக்கு வாசல்ல ரெண்டு நிமிஷம் கணக்குப் பேசினதோட சரி. முன்னப்பின்ன தெரியாத ஆளைக் கட்டிக்கோன்னா ஒத்துக்குமா? அதுவும் டாக்டர் பட்டம் வாங்கின பொண்ணு. மாட்டு டாக்டரான்னு கேட்டா என்ன சொல்றது? மெதுவாத்தான் பேசிப் பழக்கணும். இந்த மாதிரி விஷயத்துல என்னை மாதிரி அனுபவப்பட்டவங்க இருந்தாத்தான் நடக்கும்.

இருங்க, போன் அடிக்குது. அதான்! யாழரசிதான்.

ஹலோ. ஆங், சொல்லும்மா. நானா? கடையில இருக்கேன். ஒரு ஆள் வந்திருக்கார், பேர் பார்த்துக்கிட்டு இருக்கேன். இல்லம்மா, ஹாரன் ரோட்டுல போற பஸ்ஸு. என்னது? ம். ம். சரி. ம். சரிம்மா.

வச்சுருச்சு.

என்னமோ சொல்லுது தம்பி. கடையிலேர்ந்து இறங்குறப்ப படி பார்த்து இறங்குங்கப்பா, ஸ்டாண்டுக்கு பைக் வரும், வெயில்ல நடந்து வராதீங்கங்குது. எங்க கடையில ஏது படி? தரை மட்டம்.

வந்துருச்சா? இதானே ஸ்டாண்டு? பையை இப்படிக் கொடுங்க, பார்த்து, தேங்காய் உருளும். பேச்சுத் துணைக்கு ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒண்ணுதான் புரியலை. "மதியச் சாப்பாட்டுக்கு அத்தை உங்களுக்குக் காரம் போடாமத் தனியா ரசம் வச்சிருக்காங்கப்பா"ன்னு சொல்லுது. எனக்குக் கூடப் பிறந்தது எல்லாம் ஆம்பளைங்க. சௌந்தரத்துக்கு அண்ணன் தம்பியே கிடையாது. அறந்தாங்கியில இதுக்கு எந்த அத்தை?